நாலு மூலை மஞ்சள்

"இது என்ன தூள்?"

போன புதன்கிழமை கொழும்பில், ஒரு கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் நின்றபோது இந்தக் கேள்வி என் காதில் விழுந்தது. கேட்டவர் ஓர் இளம் பெண் சுங்க அதிகாரி. சிங்களத்தில்தான் கேட்டார். எனக்கு வந்த தபால் உறையின் மூலையை விரல் நுனியால் தொட்டார். விரல் மஞ்சளானது. விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் மெதுவாக இரண்டடி தள்ளிப் போனார்.

அறுபது வயது, ஓய்வுபெற்ற வாத்தியார். ஹட்டனில் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, கினிகத்தேனை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கிறேன் — ஒரே ஒரு கடிதத்துக்காக. உமக்கு எதற்கு இந்த வம்பு என்று கேட்பீர்கள். நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

எனக்குத் தபால் முத்திரை சேர்க்கிற பழக்கம் உண்டு. இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் 'மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்' என்று முனகுவது கேட்கிறது... இந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் எனக்குப் பின்லாந்தில் ஒரு கண் டாக்டர், பெல்ஜியத்தில் ஒரு பேக்கரிக்காரர், மலேசியாவில் ஒரு தமிழாசிரியை என்று முத்திரை நண்பர்கள் இருந்தார்கள். யாரையும் நேரில் பார்த்ததில்லை. நான் இங்கிருந்து யானையும் தேயிலையும் பெரஹரா ஊர்வலமும் அனுப்புவேன். அங்கிருந்து பனிமான் வரும், கோட்டை வரும், செம்பருத்தி வரும். இரண்டு வாரத்தில் போகும், இரண்டு வாரத்தில் வரும். உறையைப் பிரிக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள் — வேறு ஊர்க் காகிதத்தின் வாசனை. அதற்காகவே ஒரு நாள் முழுக்கப் பிரிக்காமல் வைத்திருப்பேன்.

பிறகு என்ன நடந்தது? சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எங்கேயோ யாரோ ஒரு விதியை எழுதினார்கள். உறைக்குள் கடிதம் மட்டும் இருந்தால் அது கடிதம். கூடவே முத்திரை இருந்தால் அது சாமான். சாமான் என்றால் படிவம். படிவம் என்றால் விலை. பெல்ஜியப் பேக்கரிக்காரர் உறையில் 'பழைய முத்திரைகள், விலை எதுவும் இல்லை' என்று உண்மையை எழுதிவிட்டார். விலை இல்லாத சாமானை ஒருவர் ஏன் இவ்வளவு தூரம் அனுப்ப வேண்டும் என்று இங்கே சந்தேகம் வந்துவிட்டது. நியாயமான சந்தேகம்தான். என் மனைவி சரோஜா முப்பது வருஷமாக அதைத்தான் கேட்கிறாள்.

அதற்காக ஒருமுறை கொழும்பு போனேன். இன்னொரு படிவம் வேண்டும் என்றார்கள். இன்னொரு முறை போனேன். இன்று அந்தப் பிரிவு இல்லை என்றார்கள். அடுத்த தடவை முத்திரை ஒட்டுகிற ஆல்பம் ஒன்றை வரவழைத்தேன். அது புத்தகமா, பிளாஸ்டிக் பொருளா என்று அவர்கள் முடிவெடுப்பதற்குள் அது மலேசியாவுக்கே திரும்பிப் போய்விட்டது. தமிழாசிரியை கோபித்துக்கொண்டாரா, களைத்துவிட்டாரா தெரியாது. அதற்குப் பிறகு எழுதவில்லை.

கடைசியில் பார்த்தால், முத்திரையைப் பார்த்த நேரத்தைவிட போனில் டிராக்கிங் பார்த்த நேரம்தான் அதிகம். 'உங்கள் பொதி பரிசீலனையில் உள்ளது.' காலையில் பார்ப்பேன். பரிசீலனை. மதியம் பார்ப்பேன். பரிசீலனை. இளைப்பாறத்தானே ஒருவன் பொழுதுபோக்கு வைத்துக்கொள்கிறான்? அதற்கே விண்ணப்பம், வரிசை, பிரதி இரண்டு என்றால் அது சம்பளம் இல்லாத உத்தியோகம் அல்லவா? போதும் போதும் என்றாகிவிட்டது. ஒவ்வொருவராகக் கைவிட்டேன். ஒருவனைத் தவிர.

தங்கராசு.

நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில், ஒரே லயத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பிரா அறையில் பிறந்தவர்கள் நாங்கள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஆல்பம். ஆல்பம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். தோட்டத்து ஆபீஸில் கழித்துப்போட்ட பழைய செக்ரோல் புத்தகம். யார் பெயருக்கு எத்தனை நாள் வேலை என்று பதிந்த பக்கங்களின் மேல் கோதுமை மாப் பசையால் முத்திரை ஒட்டியிருப்போம்.

முத்திரை எங்கிருந்து கிடைக்கும்? எங்கள் ஆட்களுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. யார் பெயருக்குக் கடிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீஸுக்குத்தான் வரும். தபால்காரர் நோர்வூட்டிலிருந்து தோல்பையில் கொண்டுவந்து ஆபீஸில் கொட்டுவார். அங்கே பிரித்து, சாயந்தரம் கொழுந்து நிறுக்கிற இடத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அன்று வராதவர்களுக்கு வந்ததை எங்கள் கையில் கொடுத்து, "மேட்டு லயத்துல குடுத்துட்டுப் போங்கடா" என்பார் தபால்காரர். பொறுப்பை ஒப்படைக்கச் சரியான ஆட்களைத்தான் பார்த்தார்!

ஒரு நாள் மேட்டு லயத்து மீனாட்சி அக்காவுக்குத் திருச்சிப் பக்கத்து அண்ணனிடமிருந்து ஒரு உறை வந்தது. அதில் ஒரு ரயில் முத்திரை. புகைவிட்டுக்கொண்டு வருகிற ரயில். எங்கள் இருவருக்கும் பைத்தியம் பிடித்தது. கேட்டு வாங்கப் பொறுமையில்லை. தங்கராசு பிளேடால் உறையின் அந்த மூலையை அப்படியே வெட்டி எடுத்தான். நான் காவல் நின்றேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் நல்ல காரியத்துக்கு எழுதுகிற கடிதம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவார்கள். சாவுச் செய்தி என்றால் ஒரு மூலையைக் கிழித்துவிடுவார்கள். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் கையில் வாங்கின உடனே விஷயம் தெரிந்துவிடும்.

மீனாட்சி அக்கா உறையை வாங்கினார். மூலை இல்லை. அவ்வளவுதான் — நெஞ்சில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். லயமே கூடியது. மாரடிக்க ஆரம்பித்த பிறகுதான் யாரோ கவனித்தார்கள், மிச்சம் மூன்று மூலையிலும் மஞ்சள். மூன்று மூலை மஞ்சள், ஒரு மூலை கிழிசல் என்றால் என்ன அர்த்தம்? பெரியவர்கள் கூடி ஆராய்ந்து, அண்ணன் பெண்சாதிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, தாய் போய்விட்டாள் என்று முடிவுகட்டினார்கள். பாதிப் பேர் அழுதார்கள். பாதிப் பேர் பிள்ளை ஆணா பெண்ணா என்று கேட்டார்கள்.

கணக்கப்பிள்ளை வந்து கடிதத்தை வாசித்தார். ஆண்பிள்ளை, தாயும் சேயும் நலம். அப்புறம் எல்லோருடைய பார்வையும் எங்கள் பக்கம் திரும்பியது. "நான்தான் வெட்டினேன்" என்று தங்கராசு ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். வாங்கிய அடியில் அவன் இரண்டு நாள் உட்காரவில்லை. நான்? நான் வாயைத் திறக்கவில்லை.

எங்களுக்குப் பதின்மூன்று வயதாகும்போது அவன் குடும்பத்துக்கு, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, இந்தியா போகும்படி காகிதம் வந்தது. எழுபதுகளின் கடைசி. அந்த வருஷங்களில் ஹட்டன் ஸ்டேஷனில் ஒவ்வொரு கோச்சியும் அழுகையோடுதான் புறப்படும். போவதற்கு முதல் நாள் செக்ரோல் புத்தகத்தை இரண்டாகப் பிரித்தோம். முதல் பாதி அவனுக்கு, பின் பாதி எனக்கு. ரயில் முத்திரை பின் பாதியில் இருந்தது. அவன் ஒரு தடவை அதைப் பார்த்தான். கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

அப்படிப் பிரிந்ததுதான். நீலகிரியில் கோத்தகிரிப் பக்கம், அங்கேயும் ஒரு தேயிலைத் தோட்டம், அங்கேயும் ஒரு லயம். அவன் பாதியில் இல்லாததை நான் அனுப்புவதும், என் பாதியில் இல்லாததை அவன் அனுப்புவதுமாக இத்தனை வருஷம் ஓடிவிட்டது.

போன் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. ஆனால் அவன் ஒரு சட்டம் போட்டான். போனில் எல்லாம் பேசிவிட்டால் கடிதத்தில் எழுத என்ன மிஞ்சும்? ஆகவே போன் சாவுக்கு மட்டும். அவன் அம்மா போனபோது அவன் எடுத்தான். என் அப்பா போனபோது நான் எடுத்தேன். அவ்வளவுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் எனக்கொரு அறிவித்தல் துண்டு வந்தது. இந்தியாவிலிருந்து ஒரு உறை, உள்ளே சாமான், மேலே இனந்தெரியாத தூள், அடையாள அட்டையோடு கொழும்புக்கு நேரில் வரவும். வாசித்ததும் எனக்குக் கோபம்கூட வரவில்லை. ஒரு களைப்பு வந்தது பாருங்கள்... அப்படியே நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். இவனுக்கு முத்திரையைச் சுத்தமான உறையில் போட்டு அனுப்பத் தெரியாதா? துண்டை மேசை லாச்சிக்குள் போட்டேன். அன்றைக்கே தங்கராசுவுக்கு ஒரு கடிதமும் எழுதினேன். வயதாகிவிட்டது, அலைய முடியவில்லை, இத்தோடு நிறுத்திக்கொள்வோம் என்று. அதைத் தபாலில் போடவும் அலுப்பு. அதுவும் லாச்சிக்குள் போனது.

ஏழு வாரம் கழித்து இரண்டாவது துண்டு வந்தது. குறிப்பிட்ட நாளுக்குள் வராவிட்டால் அனுப்பியவருக்கே திருப்பப்படும் என்றிருந்தது. அதையும் லாச்சிக்குள் போடப் போனபோது சரோஜா வாங்கி வாசித்தாள்.

"தங்கராசு அண்ணன் வேலமெனக்கெட்டு எதுக்குங்க தூள அனுப்புறாரு? போய்ப் பாருங்க," என்றாள்.

போகமாட்டேன் என்றேன். முட்டி வலி, மழை, மண்சரிவு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்படிக்குப் போனாள். மறுநாள் விடியற்காலை எழுந்து பார்த்தால் ரொட்டியும் சம்பலும் பார்சல் கட்டி வைத்திருக்கிறது. இப்படித்தான் கொழும்பு போய்ச் சேர்ந்தேன்.

"இது என்ன தூள்?"

மூலையைப் பார்த்தேன். அடுத்த மூலையைப் பார்த்தேன். நாலு மூலையையும் பார்த்த பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. இரண்டு மாதம்! லயத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கெல்லாம் தொட்டவுடன் தெரிந்த செய்தி, துண்டில் 'தூள்' என்று எழுதியிருந்ததும் வாத்தியாருக்குப் புரியாமல் போய்விட்டது.

"கஹ, மிஸ்," என்றேன். மஞ்சளுக்குச் சிங்களத்தில் அதுதான். நல்ல காரியத்துக்கு எழுதினால் நாங்கள் இப்படித் தடவுவோம் என்று விளக்கினேன்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். தங்கள் வீட்டிலும் நல்ல காரியத்துக்கு மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்களாம். மஞ்சள் இறக்குமதிக்குத் தடை இருந்த வருஷங்களில் இது வந்திருந்தால் உங்களைக் கடத்தல்காரர் என்றே எழுதியிருப்போம் என்றார். பிறகு உறையைக் கத்தியால் பிரித்து, உள்ளே இருந்ததை மரியாதையாக என் பக்கம் தள்ளினார். வேறு கேள்வி கேட்கவில்லை. எந்தப் படிவமும் நீட்டவில்லை. இத்தனை வருஷம் அந்தத் தடுப்பைத் திட்டியவனுக்கு அன்று திட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது.

உள்ளே நாலைந்து முத்திரைகள். ஒரு அழைப்பிதழ். புதுமனை புகுவிழா.

தங்கராசு வீடு கட்டியிருக்கிறான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் தோட்டத்து லயத்தைக் காலி செய்ய வேண்டும் என்று முன்பொரு தடவை எழுதியிருந்தான். எங்கே போவான் என்று நான் கேட்டு எழுதவில்லை. அழைப்பிதழின் பின்பக்கம் அவன் கையெழுத்து:

'டேய், இது நாள் வரைக்கும் லயத்து நம்பர் எழுதின. இனிமே வீட்டு நம்பர எழுது. கதவுக்குப் பக்கத்துல தபால் பெட்டி மாட்டியிருக்கேன். மொதத் தபால் ஒன்னோடதா இருக்கணும்.'

தேதியைப் பார்த்தேன். விழா முடிந்து பத்து நாள் ஆகிவிட்டது.

வெளியே வந்து சுவரோரமாக நின்றேன். வெட்கமாக இருந்தது. அவன் பாட்டன் கப்பலில் வந்து இங்கே லயம். அப்பா இங்கே லயம், அங்கே லயம். அவனும் லயம். அந்தப் பரம்பரையில் முதல் முதலாக ஒரு கதவு எண் கிடைத்திருக்கிறது. அதை எனக்குச் சொல்ல அவன் மஞ்சள் தடவி அனுப்புகிறான். நான் அலுப்பாக இருக்கிறது என்று லாச்சியைச் சாத்துகிறேன். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் அது திறக்கப்படாமல் அவன் புது வீட்டு வாசலுக்கே திரும்பிப் போயிருக்கும். மூலை கிழித்த கடிதம் போல.

போனை எடுத்து அவன் நம்பரை அழுத்தினேன். மணி அடித்தது. எடுத்தான். ஹலோ இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"நான்தான்டா," என்றேன்.

"தெரியுது. யாரு போயிட்டாங்க? சரோஜாவா?"

சட்டம் எனக்கு மறந்தே போயிருந்தது! ஒருவரும் சாகவில்லை, எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். அவன் பெருமூச்சு விட்டது காதில் விழுந்தது. பிறகு நல்ல வார்த்தை நாலு கொடுத்தான். அதை இங்கே எழுத முடியாது.

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். துண்டு, லாச்சி, அலுப்பு எல்லாவற்றையும்.

"பால் காய்ச்சினோம். எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போனாங்க. பெட்டி மட்டும் காலியா இருக்குடா," என்றான். "பேங்க்ல இருந்து ஒண்ணு வந்துச்சு. பழைய லயத்துலயே குடுத்துட்டுப் போங்கன்னு தபால்காரர்கிட்ட சொல்லிட்டேன்."

வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். "அதெல்லாம் போன்ல வேணாம்" என்று வைத்துவிட்டான்.

வீடு வந்து சேர்ந்து சரோஜாவிடம் சொன்னபோது அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இருபது வருஷத்துக்கு முன்னால் டிக்கோயாவில் நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, இந்த முகவரிக்கு வந்த முதல் கடிதம் யாருடையது, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். எனக்கு இல்லை. அவளுக்கு இருந்தது. தங்கராசுவுடையதுதான். நாலு மூலையிலும் மஞ்சள். குடிவந்த ஒன்பதாம் நாள் கைக்கு வந்ததாம்.

லாச்சியைத் திறந்தேன். 'நிறுத்திக்கொள்வோம்' என்ற கடிதத்தை எடுத்துக் கிழித்தேன். செக்ரோல் புத்தகத்தின் பின் பாதியை எடுத்தேன். ரயில் முத்திரை அங்கேயே இருக்கிறது. பிளேடு வெட்டிய உறையின் மூலையோடு சேர்த்து அப்படியே ஒட்டியிருந்தோம். காகிதத்தில் அந்தப் பழைய மஞ்சள் இன்னும் இலேசாகத் தெரிகிறது. அடி வாங்கியவன் அவன். முத்திரையை வைத்துக்கொண்டவன் நான். இத்தனை உறை அனுப்பியிருக்கிறேன், இதை மட்டும் ஏன் அனுப்பவில்லை? எனக்கே தெரியவில்லை.

பக்கத்தைக் கத்தரித்து முத்திரையை உறைக்குள் வைத்தேன். வாழ்த்து எழுதினேன். முகவரி எழுதும்போது கதவு எண்ணை மற்ற எழுத்துகளைவிடக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

ஒட்டி முடிக்கும்போது சரோஜா ஒரு சிரட்டையில் மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்து நின்றாள். எனக்குப் பகீரென்றது. உள்ளே முத்திரை, வெளியே தூள். இப்போதுதானே பட்டு வந்திருக்கிறேன்! பெட்டி அங்கே காலியாகக் கிடக்கிறது, இது எந்தத் தடுப்பில் எத்தனை மாதம் நிற்குமோ என்றேன்.

"வீடு குடிபோனவருக்கு மொட்டக் கடுதாசியா அனுப்புவாங்க?" என்றாள். "நின்னா நிக்கட்டும். அண்ணன் காத்திருப்பாருங்க."

உறையை அவள் பக்கம் நகர்த்தினேன். நாலு மூலையிலும் நன்றாகவே தடவினாள். நேற்று டிக்கோயாத் தபால் கந்தோரில் சேர்த்துவிட்டு வந்தேன். டிராக்கிங் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

இந்தியச் சுங்கத்தில் யாராவது இந்தப் பத்தியை வாசிப்பவர் இருந்தால் — அது மஞ்சள்தான், ஐயா... போகவிடுங்கள்.